எல்லா மதத்தையும் படிச்சா பிள்ளைகள் மனசு மாறிடுமா? அமெரிக்கப் பள்ளிகளில் நடந்தது என்ன?

2001 செப்டம்பர் 15. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் மேசா நகரில், தனது பெட்ரோல் பங்க் வாசலில் நின்றிருந்த சீக்கியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். காரணம், தாடியும் தலைப்பாகையும். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பழிவாங்கக் கிளம்பிய கொலையாளி, அவரை முஸ்லிம் என நினைத்துவிட்டான். முஸ்லிமாக இருந்திருந்தாலும் அது கொலைதான். ஆனால், பக்கத்தில் வாழ்பவர் யார் என்றே தெரியாத அறியாமை வெறுப்போடு சேர்ந்தால் என்னாகும் என்பதற்கு இது சாட்சி.

இந்த அறியாமையைப் பள்ளியிலேயே போக்க முடியுமா? கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரம் 2000-லேயே அந்த முயற்சியைத் தொடங்கியிருந்தது.

என்ன பாடம்?

அங்குள்ள அரசுப் பள்ளிகளில் 9-ம் வகுப்பு மாணவர்களுக்கு உலக மதங்கள் கட்டாயப் பாடம். இந்து, பௌத்தம், சீக்கியம், யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் எல்லாமே உண்டு. வேண்டாம் என்கிற பெற்றோர் விலக்கு கேட்கலாம்.

சட்டம் அனுமதிக்கிறதா?

ஆம். அரசுப் பள்ளிகளில் வழிபாடாக பைபிள் வாசிக்கக் கூடாது என்று 1963-ல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், மதங்களைப் பாடமாகப் படிப்பதில் தவறில்லை என்றும் சொன்னது.

வகுப்பு எப்படி நடக்கும்?

ஆசிரியர் தன் மதம் எது என்று சொல்லக் கூடாது. ‘இதுதான் உண்மை’ என்று எதையும் சொல்லக் கூடாது. ‘இவர்கள் இப்படி நம்புகிறார்கள்’ என்றுதான் சொல்ல வேண்டும். எது உசத்தி என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிள்ளைகள் மதம் மாறினார்களா?

பெற்றோரின் பெரிய பயமே இதுதானே! 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று, மாணவர்கள் தங்கள் நம்பிக்கையை விட்டுவிட்டதாகத் தெரியவில்லை என்றது. மாறியது வேறு: மற்ற மதத்தவரின் உரிமைகளை மதிக்கும் மனப்பான்மை கூடியிருந்தது.

இந்தியாவில்?

முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையங்களில் மதபோதனை கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28-வது பிரிவு. ஆனால் மதபோதனை வேறு, மதங்களைப் பற்றிய கல்வி வேறு என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆக, கதவு மூடப்படவில்லை.

பள்ளி ஆரம்பிக்கும் வரை காத்திருக்கணுமா என்ன? ‘ரம்ஜானுக்கு ஏன் நோன்பு இருக்காங்க?’ என்று உங்கள் பிள்ளை கேட்டால், ‘உனக்கெதுக்கு அது?’ என்று வாயை அடைக்காதீங்க. தெரிந்தால் சொல்லுங்க. தெரியலைன்னா, பக்கத்து வீட்டு பாயிடமே கேட்டுட்டு வரச் சொல்லுங்க.