ஒரு நொடியை எண்ணும் பற்சக்கரம்

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே அனந்தபுரம். அதன் பக்கத்தில் பனமலை. அங்கே ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலின் சிற்றறைச் சுவர் ஒன்றில், குடை நிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள் பார்வதி. 1,300 ஆண்டுப் பழைய வண்ணம். அறைக்குள் வெளிச்சம் போதாது. பழைய ஓவியத்தின் மேல் ஃப்ளாஷ் அடிப்பதும் தகாது. ஃபிலிம் கேமராவோடு போகிறவர் முக்காலி போட்டு, ஷட்டர் வேகத்தை ஒரு நொடிக்குத் திருப்பி, மூச்சை அடக்கிப் பொத்தானை அழுத்துவார். ‘கிர்ர்ர்’ என்று ஓர் ஓசை, பிறகு ‘டக்’. படம் முடிந்தது.

முழு மெக்கானிக்கல் கேமராவின் ஷட்டருக்குப் பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. அப்படியானால் அந்த ஒரு நொடியை அளந்தது யார்?

நிக்கான் எஸ்3 அப்படிப்பட்ட கேமராதான். 1958-ல் வந்தது. காலம் மாறி, அதன் உற்பத்தி நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 2000-ஆம் ஆண்டை ஒட்டி அதே கேமராவை நிக்கான் மறுபடி செய்து விற்றது. வெள்ளி நிறத்தில் 8,000, பின்னர் கறுப்பில் 2,000. அவ்வளவுதான், கதவை மூடிவிட்டார்கள். 2005-ல் அண்ணன் கேமராவான எஸ்பி-யையும் 2,500 மட்டும் செய்தார்கள். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைக்கிறவர்களுக்குத்தான் இத்தகைய பதிப்புகள் பெரும்பாலும் போய்ச் சேருகின்றன என்பது என் வருத்தம். ஓடாத கேமரா, பூசை போட்டு நிறுத்திய லாரி மாதிரி.

உள்ளே பார்ப்போம். லீவரை ஒருமுறை தள்ளுகிறோம். பற்சக்கரம் ஃபிலிமின் ஓரத்துளைகளைப் பிடித்து எட்டுத் துளை தூரம், அதாவது 38 மில்லிமீட்டர், இழுக்கிறது. அதே தள்ளலில் இரண்டு திரைகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி தொடக்கப் பக்கத்துக்குச் சுருண்டு போகின்றன. உருளைகளுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் முறுக்கேறுகின்றன. கட்டைவிரலின் உழைப்பு ஸ்பிரிங்கில் சேமிப்பாகிறது. அந்தக் கேமராவின் பேட்டரி நம் கட்டைவிரல்.

இங்கே ஒரு பழைய தொழில் ரகசியம். லீவரைத் தள்ளும்போது இடது பக்கத்து ரீவைண்டு குமிழும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் பல்லில் மாட்டவில்லை என்று பொருள். இதைப் பார்க்காமல் தாலி கட்டும் நேரம் முழுக்க வெறும் பெட்டியைக் கிளிக்கி, பிறகு பெண் வீட்டாருக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஊட்டி ஆலையில் 1967 முதல் வந்த ‘இந்து’ ஃபிலிமானாலும் சரி, வெளிநாட்டு ரோலானாலும் சரி, பல்லில் மாட்டாவிட்டால் எல்லாம் ஒன்றுதான்.

பொத்தானை அழுத்தினால் முதல் திரை ஓடித் திறக்கிறது. சற்றுப் பின்னால் இரண்டாம் திரை ஓடி மூடுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தாமதம்தான் ஷட்டர் வேகம். ஒரு நொடி என்றால் முதல் திரை முழுக்கத் திறந்து நிற்கும். இரண்டாம் திரையை ஒரு கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும். கொக்கி விடுபட வேண்டுமானால் ஒரு குட்டிப் பற்சக்கர வரிசை சுழன்று முடிய வேண்டும். அது வேகமாய்ச் சுழன்றுவிடாதபடி கடைசிச் சக்கரத்தின் பற்களை ஒரு சின்ன நங்கூரம் இப்படியும் அப்படியும் தட்டித் தடுக்கும். சாவி கொடுக்கும் சுவர்க்கடிகாரத்தில் நடப்பதும் இதே வேலைதான். பனமலையில் கேட்ட ‘கிர்ர்ர்’ அந்த நங்கூரத்தின் குரல். எழுத்தின் ஓசைக்குத் தொல்காப்பியர் வைத்த அளவுகோல் கண்ணிமையும் கைந்நொடியும். கேமராவுக்குள் அதையே பித்தளையில் செய்து வைத்திருக்கிறார்கள்.

1/1000 நொடியில் கதை வேறு. திரை 36 மி.மீ. அகலத்தைக் கடக்கவே ஏறக்குறைய 1/60 நொடி பிடிக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முழுக்கத் திறந்து மூட முடியாது. அதனால் முதல் திரை கிளம்பியவுடனேயே இரண்டாவதும் துரத்துகிறது. இடையில் சுமார் இரண்டு மில்லிமீட்டர் இடுக்கு மட்டும். அந்த இடுக்கு, நகலெடுக்கும் இயந்திரத்தின் விளக்கைப் போல, ஃபிலிமின் மேல் ஊர்ந்து போகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் 1/1000 நொடிதான்; ஆனால் படத்தின் ஓர் ஓரமும் மறு ஓரமும் வேறு வேறு கணங்கள். வேகமாய்ப் போகும் பேருந்தை எடுத்தால் அது நீண்டோ குறுகியோ விழுவது இதனால்தான். ஃப்ளாஷ் வைத்தால் 1/60-க்கு மேல் போகக் கூடாது என்று பழைய ஸ்டூடியோக்காரர்கள் சொன்னதன் காரணமும் இதுவே: திரை முழுதாய்த் திறந்திருக்கும் நேரத்தில்தான் மின்னல் வெட்ட வேண்டும்.

குவியம் பார்ப்பதற்கும் மின்சாரம் வேண்டாம். முகப்பில் சற்றுத் தள்ளி இரண்டு சன்னல்கள், நம் இரு கண்களைப் போல. பின்பக்கத்துப் பார்வைத் துளையில் பார்த்தால் பார்வதியின் மூக்கு இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும்போது தூரம் சரி. முக்கோணவியல் பாடத்தை விரல் நுனியில் நடத்துகிற ஏற்பாடு.

எஸ்3-ஐ நிக்கான் மறுபடி செய்த 2000-இல் துல்லியமாய் வெட்டும் இயந்திரங்கள் தாராளமாய் இருந்தன. ஆனால் ரப்பர் பூசிய துணித் திரையைச் சுருளில் ஒட்டி, ஸ்பிரிங்கைக் கால் சுற்று கூட்டி, அரைக்கால் சுற்று குறைத்து, இரு திரைகளும் ஒரே சீராய் ஓடவைப்பது கையறிவு. வரைபடத்தில் அது எழுதியிருக்காது. மறுபதிப்பு எத்தனை செய்தாலும் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்கு விற்பனைத் தந்திரம் மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன்.

தாத்தா விட்டுப்போன கேமரா ஏதேனும் பரணில் இருந்தால் இறக்குங்கள். வேகத்தை ஒரு நொடிக்கு வைத்து, லீவர் தள்ளி, காதருகே பிடித்து அழுத்துங்கள். ‘கிர்ர்ர்’ ஒரே சீராய் வந்தால் உயிர் இருக்கிறது. நடுவில் திக்கினால் உள்ளே பழைய எண்ணெய் பிசினாகியிருக்கிறது. அப்போது ஆர்வத்தில் தையல் மெஷின் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது திரைக்குப் பரவும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் முதலில் செய்வதும் காதில் வைத்துக் கேட்பதுதான்.