பழைய மோட்டர்ஹோமில் ஒளிந்திருக்கும் ஒட்டுவேலைகள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஓடும், வீடுபோல் தங்கிப் பயணிக்கும் மோட்டர்ஹோம்களின் வெளிச்சுவரில் ஒரு சிறு கதவு இருக்கும். திறந்தால் வாட்டர் ஹீட்டரின் முகப்பு தெரியும். அதில் கைப்பிடியோடு ஒரு பித்தளை வால்வு. தொட்டிக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டையோ, வெப்பம் 99 டிகிரி செல்சியஸையோ எட்டினால் இந்த வால்வு தானாகத் திறந்து நீரை வெளியேற்றும். பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதன் வாயில் மூடி திருகப்பட்டிருந்தாலோ, பசை பூசி அடைக்கப்பட்டிருந்தாலோ அந்த ஹீட்டரை ஒருமுறைகூட மூட்டிப் பார்க்கக் கூடாது.

இதை ஏன் அடைக்கிறார்கள்? சொட்டுகிறது என்பதால். சூடாகும் நீர் விரிவடையும். அந்த விரிவைத் தாங்கிக்கொள்ளத் தொட்டியின் உச்சியில் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். நாளடைவில் அந்தக் காற்று நீரில் கரைந்து போய்விடுகிறது. பிறகு ஒவ்வொரு முறை நீர் சூடேறும்போதும் அழுத்தம் எல்லையைத் தொட்டு வால்வு சொட்டும். பெரும்பாலும் வால்வு பழுதாகியிருக்காது, தன் வேலையைத்தான் செய்திருக்கும். ஹீட்டரை அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, தண்ணீர் வரத்தை நிறுத்தி, உள்ளே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, வால்வின் கைப்பிடியைத் தூக்கி நீர் வடிவது நிற்கும்வரை பிடித்திருந்தால் காற்று திரும்பச் சேர்ந்துவிடும். அதன் பிறகும் சொட்டினால் வால்வை மாற்றிவிட வேண்டும். அடைத்த தொட்டியில் தெர்மோஸ்டாட் ஒருநாள் பழுதானால், கொதிநிலையைத் தாண்டிய நீர் உள்ளே சிறைப்பட்டிருக்கும். உலோகம் கிழியும் கணத்தில் அதில் ஆவியாகும் பகுதி சுமார் 1,600 மடங்காக விரியும். அந்தத் தொட்டிக்குச் சில அடி தூரத்தில்தான் குழந்தைகள் படுத்திருப்பார்கள்.

தண்ணீரிலும் சூட்டிலும் வரும் கோளாறுகளில் என்னைக் கவலைகொள்ள வைப்பது இந்த வகைதான். வெந்நீர் வராத வண்டியால் பெரிய ஆபத்தில்லை. எல்லாமே நன்றாக ஓடுவதுபோல் தோன்றும் வண்டியில், முந்தைய உரிமையாளர் எந்தப் பாதுகாப்புக் கருவியை ஊமையாக்கிவிட்டுப் போனார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

வண்டியின் உள்ளே சூடான காற்றை ஊதும் ஃபர்னஸ் இதற்குப் பெரிய உதாரணம். தெர்மோஸ்டாட்டைத் திருப்பியதும் முதலில் விசிறி சுழலும். அந்தக் காற்றில் ஒரு மெல்லிய தகடு சாய்ந்து சுவிட்சை மூட வேண்டும். இதைச் செயில் சுவிட்ச் என்பார்கள். அது மூடினால்தான் கேஸ் திறந்து தீப்பொறி வரும். பேட்டரி 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் விசிறி சோர்ந்துவிடும், தகடு சாயாது, தீயும் பற்றாது. நாய் முடியும் தூசியும் சிக்கினாலும் இதே கதைதான். பனிக்காலத்து அதிகாலையில் விசிறி ஓடிக்கொண்டே இருந்து குளிர்காற்றை மட்டும் ஊதுகிறது என்றால் பாதி வேளை காரணம் இரவெல்லாம் வடிந்துபோன பேட்டரிதான். வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதைச் செய்யாமல், சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஃபர்னஸ் உடனே எரியும், விற்பவரும் தயக்கமின்றி எரித்துக் காட்டுவார். போதிய காற்றில்லாமல் எரிவதால் உள்ளிருக்கும் வெப்பமாற்றி அளவுக்கு மீறிச் சூடேறும். எரிந்த புகை போகும் வழியையும் நாம் சுவாசிக்கும் காற்று போகும் வழியையும் பிரித்து நிற்பது அந்த ஒற்றை உலோகச் சுவர்தான். அதில் விரிசல் கண்டால் கார்பன் மோனாக்சைடு படுக்கைக்கு அருகிலுள்ள துவாரம் வழியாகவே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்ளும். ஃபர்னஸின் மூடியைக் கழற்றி, அதில் முதலில் இல்லாத ஒயர் ஏதும் பின்னால் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று தகுதி பெற்ற கேஸ் தொழில்நுட்பரைக் கொண்டு பார்க்கச் செய்வதற்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். அடுப்பிலும் ஹீட்டரிலும் தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகத் தள்ளாடினாலோ, வெளியே புகைபோக்கியின் வாயில் கரி படிந்திருந்தாலோ எரிதல் சரியாக நடக்கவில்லை. சிலந்திக் கூடும் குளவிக் கூடும் பர்னர் குழாயை அடைப்பது அடிக்கடி நடக்கும்.

ஃபர்னஸ் எரியாத இரவில் அடுப்பை ஏற்றிக் குளிர் காய்வது இன்னொரு தவறு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். அது குளிர்ந்த சுவரிலும் மெத்தைக்கு அடியிலும் போய்ப் படியும். பூஞ்சைக்கும், மரச்சட்டம் உளுத்துப்போவதற்கும் காரணம் கூரை ஒழுக்கு மட்டுமல்ல.

தண்ணீர்ப் பக்கத்துக் கோளாறுகளில் பலவற்றுக்கு மூலம் பனிக்காலம். உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரியும். அதனால் ஒன்ராறியோ போன்ற இடங்களில் இலையுதிர் காலத்திலேயே குழாய்களை வடித்து, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தை ஏற்றிவைப்பார்கள். அது புரொப்பிலீன் கிளைக்கால் கலந்தது. கார் எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, குடிநீர்க் குழாயின் பக்கமே அது வரக் கூடாது. திரவம் வீணாகாமலிருக்க ஹீட்டரைச் சுற்றிப் போகும்படி பின்புறம் பைபாஸ் வால்வைத் திருப்பிவைப்பதும் வழக்கம். வசந்தத்தில் அதைத் திருப்ப மறந்தவர்தான் வெந்நீர் வரவில்லை என்று தவிப்பார். அந்த நிலையில், காலித் தொட்டியில் மின்சார ஹீட்டரைப் போட்டால் அதன் கம்பிச்சுருள் சீக்கிரமே கருகிவிடும். பைபாஸ் வால்வைப் பழைய நிலைக்குத் திருப்பி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் தடையின்றிக் கொட்டுவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சபர்பன் நிறுவனத்தின் எஃகுத் தொட்டியில், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ஆனோடு கம்பி இருக்கும். அதைக் கழற்றிப் பார்த்தால் முந்தையவர் வண்டியைப் பராமரித்த விதம் விளங்கிவிடும். அட்வுட் நிறுவனத்தின் அலுமினியத் தொட்டிக்கு அந்தக் கம்பி தேவையில்லை.

உறைபனியில் வெடித்த குழாய் பனி உருகும்வரை காட்டிக்கொடுக்காது. குளிர்காலத்தில் வண்டி பார்ப்பவர், தண்ணீர் ஏற்றிக் காட்ட முடியாது என்று விற்பவர் சொன்னால் வசந்தம்வரை காத்திருக்கலாம், அல்லது அந்தச் சோதனை முடியும்வரை முழுத்தொகையையும் கொடுக்காமலிருக்கலாம். தண்ணீர் ஏற்றிய பின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பம்ப்பைப் போட்டு அமைதியாகக் கேளுங்கள். அழுத்தம் ஏறியதும் அது நின்றுவிட வேண்டும். இடையிடையே சில நொடிகள் உறுமினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பம்ப்பின் பின்னோட்டத் தடை வால்வு தேய்ந்திருக்கிறது. 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டியில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய்கள் தென்பட்டால் அவை பாலிபியூட்டிலீனாக இருக்கலாம். வீடுகளில் விரிசல் கண்டு பெரிய வழக்குகளுக்குக் காரணமான குழாய் அது. விலையைப் பேசும்போது புதுக் குழாய்ச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே அதன் கசிவு எச்சரிப்பான் தரையோரம் இருக்கும். கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் வேறு கருவி, சில வண்டிகளில் இரண்டும் ஒரே பெட்டியில் வரும். இரண்டுக்கும் ஆயுள் உண்டு, காலாவதித் தேதி பின்புறம் அச்சிட்டிருக்கும். சோதனைப் பொத்தானை அமுக்கினால் எழும் சத்தத்தை நம்பிவிட வேண்டாம். அது ஒலிப்பானும் மின்சுற்றும் இயங்குவதைத்தான் சொல்லும், உள்ளிருக்கும் உணரி பழசாகிவிட்டதா என்பதைச் சொல்லாது. எந்த நிலையில் இருந்தாலும் பழைய வண்டி கைக்கு வந்த அன்றே இரண்டையும் புதிதாக மாட்டிவிடுங்கள்.

எச்சரிப்பான் ஒலித்தாலோ, வண்டிக்குள் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து வெளியே போனதும் தணிந்தாலோ எல்லோரும் உடனே வெளியேறி 911-ஐ அழைக்க வேண்டும். மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே வண்டியில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது என்று சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிஜன் மானியால் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தைப் பிரித்தறிய முடியாது. நஞ்சேறிய உடம்பிலும் அது இயல்பான எண்ணையே காட்டும்.