கரடுமுரடு வழி வாகனங்களில் பெரிய டயருக்கு இடமமைத்தல்

சாலையில்லா இடங்களில் ஓடும் நான்கு சக்கர இயக்க வாகனத்தில், தொழிற்சாலையில் பொருத்தியதைவிடப் பெரிய டயரை மாட்டுவதற்காக அதன் உடலையும் சஸ்பென்ஷனையும் மாற்றியமைக்கும் வேலையே இது. பெரிய டயர் தோற்றத்துக்காக மட்டும் விரும்பப்படுவதில்லை. முழு ஆக்சில் உள்ள வண்டிகளில் தரைக்கு மிக அருகே தொங்குவது டிஃபரன்ஷியலின் அடிப்பகுதி. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்சில் இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை மேலே தூக்குவது டயர் ஒன்றுதான்.

எவ்வளவு இடம் தேவை?

265/70 ஆர்16 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். டயரின் அகலம் 265 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, அதாவது 185.5 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், நடுவே 16 அங்குல வட்டு (406 மி.மீ.). மொத்த விட்டம் சுமார் 777 மி.மீ. இதற்குப் பதிலாக 35 அங்குல டயரை மாட்டினால் விட்டம் 889 மி.மீ. ஆகும். ஆக்சில் 56 மி.மீ. உயரும். அதே 56 மி.மீ. முன்னும் பின்னும் மேலும் டயர் நீளும் என்பதுதான் சிக்கல்.

உயர்த்தினால் மட்டும் போதாது

நீளமான ஸ்பிரிங் போட்டு 50 மி.மீ. உயர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நிற்கும் வண்டியில் அது உண்மைபோலவே தெரியும். ஆனால் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி, பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் தடுப்பில் ஆக்சில் போய் முட்டும். அந்த நிலையில் உடலுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளி பழைய வண்டியில் இருந்த அதே இடைவெளிதான். டயர் மட்டும் பெரிது. அது மட்கார்டில் உரசும், பக்கச்சுவர் கிழியும்.

இதற்கு வழிகள் மூன்று. பம்ப் ஸ்டாப்பை நீளமாக்கலாம். சக்கரம் மேலே செல்லும் தூரம் குறையும். சேஸிஸுக்கும் உடலுக்கும் நடுவே கட்டைகள் வைத்து உடலை மட்டும் உயர்த்தலாம். தனிச் சேஸிஸ் உள்ள வண்டிகளுக்கே இது பொருந்தும், ஸ்டீயரிங் தண்டும் எரிபொருள் நிரப்பும் குழாயும் எட்டுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவது, மட்கார்டை வெட்டுவது.

முன்சக்கரத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயரின் பின்விளிம்பு மட்கார்டின் கீழ்மூலையை நெருங்கும். உள்விளிம்பு சேஸிஸையோ சஸ்பென்ஷன் கையையோ தொடும். சக்கரத்தை வெளியே தள்ளும் வட்டைப் போட்டால் உள்பக்கம் விடுபடும். ஆனால் திரும்பும்போது டயர் வரையும் வளைவு பெரிதாகி வெளிப்பக்கம் இடிக்கும், சக்கர பேரிங்கின் சுமையும் கூடும்.

நம்பத்தக்க சோதனை ஒன்றுதான். ஸ்பிரிங்கைக் கழற்றி, புதிய டயரை மாட்டி, பம்ப் ஸ்டாப் முட்டும்வரை ஜாக்கியால் தூக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்ப வேண்டும். இடிக்கும் இடங்களில் சாக்குக்கட்டியால் குறியிடலாம். பிறகு சக்கரத்தை முழுதாகக் கீழே இறக்கி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் டயர் வாங்குபவர்களே அதிகம்.

ஐஸ்லாந்து காட்டிய வழி

வெட்டும் முறையை முழுக்கலையாக வளர்த்தது ஐஸ்லாந்து. அங்குள்ள பனிப்பாறைகளின் மேல் மென்பனியில் சாதாரண வண்டி புதைந்துவிடும். 38 முதல் 44 அங்குல டயர்களை மாட்டி, காற்றை 2 முதல் 4 பிஎஸ்ஐ வரை இறக்கினால், டயர் நீளவாக்கில் விரிந்து பனியின்மேல் மிதப்பதுபோல் செல்லும். இவ்வளவு பெரிய டயருக்கு வண்டியை உயர்த்திக்கொண்டே போனால் சரிவில் கவிழும். எனவே அவர்கள் குறைவாக உயர்த்தி, சக்கரக் குழியை அகலமாக வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, அகன்ற ஃபைபர் மட்கார்டு பொருத்தினார்கள். தேவைப்பட்டால் ஆக்சிலையே முன்னோ பின்னோ நகர்த்தினார்கள். 1990இல் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் இப்படி மாற்றிய 38 அங்குல டயர் டொயோட்டா ஹைலக்ஸ்களைத்தான் 2007இல் ஒளிபரப்பான ‘டாப் கியர்’ துருவப் பயண நிகழ்ச்சியில் பார்க்கிறோம்.

பின்விளைவுகள்

மேற்சொன்ன 35 அங்குல டயரோடு வேகமானி 70 காட்டினால் உண்மை வேகம் 80 கி.மீ. பிரேக்கை அதே அழுத்தத்தில் மிதித்தாலும் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை எட்டில் ஒரு பங்கு குறையும். டயரின் கூடுதல் எடை வேறு. இழுவையும் அதே அளவு குறைவதால், 4.10 டிஃபரன்ஷியல் விகிதத்தை 4.7க்கு அருகே மாற்றினால்தான் பழைய இழுவை திரும்பும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐஸ்லாந்தில் மாற்றிய வண்டிகள் தனிப் பரிசோதனைக்குப் பின் சாலையில் ஓடலாம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.