எழுபத்திரண்டில் ஒரு பங்கு



தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளம் விமான நிலையம் 1992-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏடிஆர்-72 என்னும் இரட்டை விசிறி விமானம் அங்கே பல ஆண்டுகள் வந்திறங்கியதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அதன் இறக்கைகளின் முனையிலிருந்து முனைவரை அளந்தால் 27.05 மீட்டர். அந்த விமானத்தை உங்கள் படிப்பு மேசைமீது நிறுத்தவேண்டுமானால் என்ன செய்வது? ஒவ்வோர் அளவையும் 72-ஆல் வகுத்துவிடுங்கள். 37.6 செ.மீ. அகலமுள்ள ஒரு குட்டி விமானம் கிடைக்கும். 3.93 மீட்டர் குறுக்களவுள்ள அதன் விசிறி, ஐந்தரை செ.மீ. வட்டமாகிவிடும்.

இப்படி ஒரே விகிதத்தில் சிறிதாக்கிச் செய்யும் உருவத்துக்கு ‘அளவு மாதிரி’ என்று பெயர். விமான மாதிரிகளில் 1/72 என்பது உலகெங்கும் வழங்கும் விகிதம். அது ஏன் 1/70 ஆகவோ 1/100 ஆகவோ இல்லை? இந்த விகிதம் 1930-களில் இங்கிலாந்தில் பரவியது. அங்கே அப்போது அடியும் அங்குலமுமே வழக்கில் இருந்தன. ஆறு அடி என்பது 72 அங்குலம். ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரத்தில் நிற்பான் என்றால் கணக்கு எளிது அல்லவா? அதுதான் காரணம்.

வகுத்தல் கணக்கு மிக எளிது. ஆனால் அந்த அளவில் பொருளைச் செய்யப் புகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

தகட்டின் தடிமன்

சிறு விமானத்தின் அலுமினியத் தோல் சுமார் 1.2 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அதை 72-ஆல் வகுத்தால் 0.017 மி.மீ. வரும். சமையலறையில் உணவுப் பொட்டலம் சுற்றும் அலுமினியத் தாளின் தடிமன் ஏறக்குறைய இதுதான்! ஆனால் கடையில் விற்கும் மாதிரி விமானங்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. உருகிய பிளாஸ்டிக்கை இரு பாதிகளாக உள்ள எஃகு அச்சினுள் உயர் அழுத்தத்தில் செலுத்தி, ஆறியபின் அச்சைப் பிரித்துப் பாகங்களை எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பவேண்டும் என்றால் பாகம் ஓரளவு தடிப்பாக இருந்தே ஆகவேண்டும். சுமார் 1 மி.மீ. தடிமன் என்று கொள்வோம். இப்போது அதை 72-ஆல் பெருக்கிப் பாருங்கள். 72 மி.மீ.! ஒரு மெல்லிய கதவு, ஏழு செ.மீ. தடித்த பலகையாக மாறிவிடுகிறது.

இன்னொரு தடையும் உண்டு. அச்சின் இரு பாதிகளும் நேராகத் திறக்கவேண்டும். ஆகவே உள்ளே வளைந்து குடைந்த உருவங்களை அச்சில் வார்த்தால் வெளியே எடுக்க முடியாது. விமானி இருக்கையின் இடுப்புப் பட்டை, குழாய்கள், கம்பிகள் முதலியவை வெறும் மேடு பள்ளங்களாக நின்றுவிடுகின்றன.

இக்குறைகளைத் தீர்க்கவே ‘துணைப் பாகங்கள்’ தோன்றின. நீங்கள் சைக்கிள் வாங்கியபின் கேரியரும் டைனமோ விளக்கும் தனியே வாங்கிப் பூட்டுவதில்லையா? சைக்கிளைச் செய்த நிறுவனமே அவற்றையும் செய்திருக்க வேண்டுமென்பதில்லை. மாதிரி விமானத்திலும் அப்படியே. பெட்டியில் வந்த பாகத்தை எடுத்துவிட்டு, வேறொரு நிறுவனம் செய்த நுட்பமான பாகத்தைப் பொருத்துகிறார்கள். செக் நாட்டில் 1989-இல் தொடங்கப்பட்ட எட்வர்ட் என்ற நிறுவனம் இத்தொழிலில் பெயர் பெற்றது.

ஒரு கேள்வி எழலாம். பெட்டியைச் செய்யும் பெரிய நிறுவனமே இவற்றையும் நன்றாகச் செய்துவிட்டால் என்ன? விடை செலவில் இருக்கிறது. எஃகு அச்சு செதுக்கப் பெரும்பணம் வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அந்தப் பணம் திரும்பும். ஆகவே எல்லாரும் விரும்பும் விமானங்களுக்கே எஃகு அச்சு கிடைக்கிறது. சிலருக்கு மட்டுமே தேவைப்படும் பாகத்துக்கு மலிவான வேறு வழி வேண்டும்.

அமிலம் செதுக்கும் பித்தளை

முதல் வழி ஒளிச் செதுக்கல். 0.1 முதல் 0.2 மி.மீ. தடிமனுள்ள பித்தளைத் தகட்டை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் இருபுறமும் ஒளிபட்டால் தன்மை மாறும் ஒரு பூச்சைப் பூசுகிறார்கள். பாகத்தின் படம் பதிந்த பிலிமை அதன்மேல் வைத்துப் புற ஊதாக்கதிரைப் பாய்ச்சுகிறார்கள். பிறகு கழுவினால், வேண்டிய இடங்களில் பூச்சு கெட்டியாக நிற்கும்; வேண்டாத இடங்களில் கரைந்து பித்தளை வெளியே தெரியும். இத்தகட்டைப் பெர்ரிக் குளோரைடு கரைசலில் இட்டால் என்ன ஆகும்? அக்கரைசல் பித்தளையிலுள்ள தாமிரத்தையும் துத்தநாகத்தையும் குளோரைடுகளாக்கிக் கரைத்துவிடும். பெர்ரிக் குளோரைடோ பெர்ரஸ் குளோரைடாகக் குறையும். பூச்சு மூடிய இடம் மட்டும் எஞ்சும். வானொலிப் பெட்டியின் மின்சுற்றுப் பலகை செய்யும் முறையும் இதுவே.

இதில் ஓர் அழகான உத்தி உண்டு. மடிக்கவேண்டிய கோட்டில் பூச்சை ஒரு பக்கம் மட்டும் நீக்குகிறார்கள். அங்கே தகடு பாதி தடிமனே கரையும். அந்தக் கோட்டில் தகடு காகிதம்போல் நேராக மடியும்! 0.15 மி.மீ. பித்தளைக் கதவு, உண்மை அளவில் சுமார் 1 செ.மீ. தடிமனுக்குச் சமம். ஏழு செ.மீ. பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் பித்தளைப் பாகம் தட்டையானது. உருண்டு திரண்ட பொருளுக்கு அது உதவாது.

ரப்பர் அச்சில் ரெசின்

அதற்கு இரண்டாம் வழி. கைதேர்ந்த ஒருவர் ஒரே ஒரு மூல உருவத்தைச் செய்கிறார். அதன்மேல் திரவ சிலிக்கோன் ரப்பரை ஊற்றி இறுக விடுகிறார்கள். ரப்பர் வளையும் தன்மையுடையது. ஆகவே உட்குடைவுகள் இருந்தாலும் இழுத்து எடுத்துவிடலாம். அந்த அச்சில் இரு திரவங்களைக் கலந்த பாலியூரித்தேன் ரெசினை ஊற்றினால், சில நிமிடங்களில் இறுகிப் பாகமாகிவிடும். காற்றுக் குமிழி தங்கினால் பாகம் கெடும். அதனால் வெற்றிடப் பாத்திரத்திலோ அழுத்தப் பாத்திரத்திலோ வைத்து வார்க்கிறார்கள். ரப்பர் அச்சு நெடுநாள் உழைப்பதில்லை, விரைவில் கிழிந்துவிடும். ஆனால் மலிவு. விமானி இருக்கை, சக்கரம், இயந்திரம் ஆகியவை இப்படிப் பிறக்கின்றன. இந்நாளில் மூல உருவத்தையும், சில சமயம் பாகத்தையே கூட, ஒளியால் இறுகும் ரெசினைக் கொண்டு முப்பரிமாண அச்சுப்பொறிகள் மெல்லிய அடுக்குகளாகக் கட்டிவிடுகின்றன. முத்துச்சிப்பி தன் முத்துக்கு மெருகு பூசும் அடுக்கு, ஆயிரத்தில் ஒரு மில்லி மீட்டரிலும் குறைவானது. அந்த நுட்பத்தை இந்தப் பொறிகள் இன்னும் எட்டவில்லை.

ஒரு வீரனின் விமானம்

இதெல்லாம் வெறும் அலங்காரம்தானே என்று நினைக்கிறீர்களா? ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத் தளத்தைப் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தாக்கின. அவற்றை எதிர்த்துப் போரிட்டு உயிர் துறந்தார் நிர்மல்ஜித் சிங் செக்கோன். பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவரே. அவர் ஓட்டியது நாட் என்னும் குட்டிப் போர் விமானம். இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட அதனை நம் பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்தது. நீளம் 8.74 மீட்டர், இறக்கை அகலம் 6.73 மீட்டர்.

இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் நிறுவனம் பல ஆண்டுகள் 1/72 அளவில் விற்ற நாட் மாதிரியோ வேறு வகையைச் சேர்ந்தது. அது அந்நாட்டின் ‘செந்நிற அம்புகள்’ சாகசக் குழு 1979 வரை ஓட்டிய இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். நீளம் 9.68 மீட்டர், இறக்கை அகலம் 7.32 மீட்டர். மேசைமேல் பார்த்தால் நீளத்தில் 1.3 செ.மீ., அகலத்தில் 0.8 செ.மீ. வேறுபாடு. அதற்கு மூவண்ண வட்டச் சின்னத்தை ஒட்டிவிட்டால் செக்கோனின் விமானம் ஆகிவிடுமா? ஆகாது. பெரிய நாடுகளின் புகழ்பெற்ற விமானங்களைச் சுற்றியே பெட்டிகள் வந்தபோது, மற்ற நாடுகளின் வரலாறு துணைப் பாகங்களையே நம்பியிருந்தது. பின்னர் செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி நிறுவனம் ஒற்றை இருக்கை நாட் விமானத்தையும், அதிலிருந்து நம் நாட்டில் உருவான அஜீத் விமானத்தையும் 1/72 அளவில் வெளியிட்டது. மாதிரி என்பது ஒரு சாட்சி. சாட்சி உண்மை சொல்லவேண்டும்.

கண்ணுக்கு எது தெரியும்?

அப்படியானால் ஒவ்வோர் ஆணியையும் செய்யவேண்டுமா? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மேசைமேல் உள்ள மாதிரியை நாம் சுமார் 30 செ.மீ. தொலைவிலிருந்து பார்க்கிறோம். 72-ஆல் பெருக்கினால் 21.6 மீட்டர். அதாவது, உண்மை விமானத்தை 21.6 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்கு இது சமம். நல்ல கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தைப் பிரித்தறியும். 30 செ.மீ. தொலைவில் அது 0.09 மி.மீ.; உண்மை விமானத்தில் சுமார் 6 மி.மீ. அதனினும் சிறிய ஆணித் தலைகளைத் துருத்திக்கொண்டு நிற்கச் செய்தால் மாதிரி பொய்யாகிவிடும். தெரியக்கூடியவற்றைச் செம்மையாகச் செய்வதும் தெரியாதவற்றை விட்டுவிடுவதுமே அளவு மாதிரிக் கலை.

நீங்களே செய்யலாம்

வெளிநாட்டுப் பாகங்கள் விலை மிகுந்தவை. கவலை வேண்டாம். மோட்டார் சுற்றும் கடையில் கழித்துப்போட்ட 0.1 மி.மீ. தாமிரக் கம்பி, 7 மி.மீ. எண்ணெய்க் குழாயாகும். மீனவர்கள் தங்கூசி என்று சொல்லும் நைலான் இழையில் மிக மெல்லியதை வாங்கினால் வானொலிக் கம்பி தயார். மாதிரிப் பெட்டியில் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தி மேல் மெல்லச் சூடேற்றி, இளகியதும் விலக்கி இழுத்தால் தலைமயிர் போன்ற இழை வரும். அலுமினியத் தாள், இடுப்புப் பட்டையாகும்.

எச்சரிக்கையும் வேண்டும். சுடரருகே வேலை செய்யும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். பெர்ரிக் குளோரைடை வீட்டில் தொடாதீர்கள். வேதியியல் ஆசிரியரின் மேற்பார்வையில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து பள்ளிக்கூடத்தில் செய்யுங்கள். ரெசினைத் தேய்க்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கெடுதி. நீரில் நனைத்தே தேய்க்கவேண்டும்.

பெட்டியே இல்லாத தோணி

இனி நம் கடற்கரைக்கு வருவோம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற மரத்தோணிகளை அறிவீர்கள். முன்பு பாய் விரித்து ஓடியவை, பின்னர் இயந்திரம் பூட்டப்பட்டன. மன்னார் வளைகுடாவில் 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பின்போது குளியாட்களைச் சுமந்து சென்ற வள்ளங்களும் இருந்தன. கடைக்குப் போனால் இவற்றுக்குப் பிளாஸ்டிக் பெட்டியோ துணைப் பாகமோ கிடைப்பது அரிது. ஏராவும் வங்கும் பாய்மரமும் பருமலும் சுக்கானும் நாமே அளந்து, நாமே செதுக்கவேண்டியவை.

அளந்தவர்கள் முன்பே உண்டு. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பாரிஸ் என்பவர், 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் படகுகளைத் துறைமுகம் துறைமுகமாக அளந்து வரைந்து 1840-களில் நூலாக வெளியிட்டார். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920-இல் ஆராய்ச்சி நூல் எழுதினார். மறைந்துபோன பல படகுகளின் உருவத்தை இன்று நாம் அறிவது இத்தகைய வரைபடங்களால்தான்.

உங்கள் ஊர்த் துறையில் ஒரு பழைய தோணி நின்றால், உரியவரிடம் அனுமதி கேட்டு, ஓர் அளவு நாடாவும் குறிப்பேடும் எடுத்துச் செல்லுங்கள். அணியத்திலிருந்து பின்புறம்வரை நீளம், நடு அகலம், பாய்மர உயரம், பலகையின் தடிமன், கயிற்றின் பருமன் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 36 மி.மீ. கயிறு, 72-இல் ஒரு பங்காகும்போது அரை மி.மீ. நூல்தான். பாகங்களுக்கு என்ன பெயர் என்று தோணி கட்டும் ஓடாவியிடம் கேட்டு எழுதுங்கள். மரம் உளுத்துப்போகும், அளவுகள் உளுத்துப்போவதில்லை. நாட் விமானத்தின் அளவுகளை எத்தனையோ பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தோணியின் அளவுகளோ உங்கள் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கக்கூடும்.