காந்தப் பள்ளிக்கூடம்!

குண்டூசிகளுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டு போனால் என்னாகும்? ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும், இல்லையா? அதுபோல, தூரத்தில் இருக்கும் மாணவர்களையும் இழுக்கிற அரசுப் பள்ளிகள் அமெரிக்காவில் இருக்கின்றன. 'மேக்னட் ஸ்கூல்' என்பது அவற்றின் பெயர். அதாவது, காந்தப் பள்ளி! இவை ஏன் தோன்றின தெரியுமா? அதற்குப் பின்னால் ஒரு வேதனைக் கதை இருக்கிறது.

கன்சாஸ் மாநிலம், டொபீகா நகரில் லிண்டா பிரவுன் என்ற சிறுமி இருந்தாள். நடந்து போகிற தூரத்திலேயே ஒரு அரசுப் பள்ளி. ஆனால், அவளைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். காரணம், அது வெள்ளையர் பிள்ளைகளுக்கான பள்ளி. லிண்டாவோ கறுப்பினச் சிறுமி! தினமும் ரயில் பாதையோரமாக நடந்து, பிறகு பஸ் பிடித்து வேறு பள்ளிக்குப் போனாள். அவளுடைய அப்பா, பிற பெற்றோர்களுடன் சேர்ந்து 1951-ல் வழக்குப் போட்டார். 'அரசுப் பள்ளிகளை நிறம் பார்த்துப் பிரிப்பது தவறு' என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உடனே எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. கறுப்பர்களும் வெள்ளையர்களும் தனித்தனிப் பகுதிகளில் வசித்தார்கள். பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியில்தானே சேருவார்கள்? அதனால் பல ஊர்களில் பள்ளிகளும் பிரிந்தே கிடந்தன.

'கட்டாயப்படுத்தாமல், அவர்களே ஆசைப்பட்டு வரும்படி செய்தால் என்ன?' என்று யோசித்தார்கள். 1968-ல் டகோமா நகரின் மெக்கார்வர் பள்ளி வழிகாட்டியது. கறுப்பினப் பிள்ளைகள் அதிகம் படித்த அங்கே, புதுமையான கற்பிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். மற்ற பகுதிகளில் இருந்த வெள்ளையர் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்! பிறகு பல நகரங்களில் இத்தகைய பள்ளிகள் முளைத்தன.

காந்தப் பள்ளியில் வழக்கமான பாடங்களும் உண்டு. கூடவே அறிவியல், கணினி, இசை, நாடகம், அயல்மொழி என்று ஏதாவது ஒரு துறையில் சிறப்புப் பயிற்சியும் உண்டு. ஹூஸ்டன் நகரில் 1971-ல் தொடங்கிய கலைப் பள்ளி ஒன்றில்தான் பாடகி பியான்சே படித்தார். அரசுப் பள்ளி என்பதால் கல்விக் கட்டணம் கிடையாது. எந்தப் பகுதியில் வசித்தாலும் விண்ணப்பிக்கலாம். வெவ்வேறு நிறத்தவர், ஏழை, பணக்காரர் என எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நண்பர்களாகலாம்.

ஒரு குறையும் உண்டு. இடம் குறைவு, கேட்பவர்களோ அதிகம். பல பள்ளிகளில் குலுக்கல் முறையில்தான் தேர்வு. பெயர் வராத பிள்ளைகளுக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும்! ஆகவே, பக்கத்துத் தெருப் பள்ளியும் சிறப்பாக இருக்க வேண்டும், இல்லையா?

சரி சுட்டிகளே, உங்கள் பள்ளியைக் காந்தமாக மாற்றச் சொன்னால், என்ன பாடத்தைச் சேர்ப்பீர்கள்?