நெஞ்சுப் படபடப்பும் அஞ்சு டீயும்

பேனிக் அட்டாக் எனப்படும் பீதித் தாக்கு சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், உள்ளங்கை வேர்க்கும், விரல்நுனி மரத்துப்போகும், தலை சுற்றும், இதோ உயிர் போய்விடப் போகிறது என்ற பயம் ஆளை அழுத்தும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் வைத்திருக்கும் ஏற்பாடு, ஆபத்தே இல்லாத நேரத்தில் மொத்தமாகக் கிளம்பிவிடுவதுதான் இது. உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒருமுறை பட்டவர், அடுத்தது எப்போது வருமோ என்று எதிர்பார்த்தே நாளைக் கழிக்கத் தொடங்குகிறார். தாக்கு திரும்பத் திரும்ப வந்து, இந்த எதிர்பார்ப்பும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதைப் பீதிக் கோளாறு என்கிறார்கள்.

நோய் பழையது, பெயர்தான் புதியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய வீரர்கள் பலர் நெஞ்சு படபடப்பதாகச் சொல்லி வந்ததையும், அவர்களில் பலரது இதயத்தில் பழுது எதுவும் தென்படாததையும் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் எழுதிவைத்தார். அதற்கு நூறாண்டுக்குப் பிறகு, 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பீதிக் கோளாறைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. இன்றும் இதய மருத்துவரிடம் போய், இசிஜி சரியாக இருக்கிறது என்று கேட்டு, நிம்மதி பாதி குழப்பம் பாதியாக வீடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

இந்தப் பயத்தை ஒரு கடற்கரை ஊரில் வைத்துப் பார்க்கலாம். புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தில், பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது ஜெகதாப்பட்டினம். பக்கத்து ஊரான கோட்டைப்பட்டினத்தோடு சேர்ந்து மாவட்டத்தின் முக்கிய விசைப்படகுத் துறை இது. இந்தக் கரையில் பயத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லை குறுகலான நீரிணையின் நடுவே ஓடுகிறது. படகோடு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டவர்கள் இல்லாத மீனவர் குடியிருப்பைக் காண்பது அரிது. எல்லை தாண்டும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை இலங்கை 2018இல் பலமடங்கு உயர்த்தியது. அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல் மாவட்டத்தையே புரட்டிப்போட்டது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு விசைப்படகு இலங்கைக் கடற்படையின் கலத்தோடு மோதிய சம்பவத்தில் நான்கு பேர் இறந்தார்கள்.

நள்ளிரவில் ரோந்துப் படகின் வெளிச்சம் தெரியும்போது படகின் முன்முனையான அணியத்தில் நிற்பவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டால் அது நோய் அல்ல, உடல் தன் வேலையைச் செய்கிறது. அதே ஆளுக்கு ஒரு மாதம் கழித்து, கரையில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அதே அடிப்பு வந்தால்தான் அது பீதித் தாக்கு. கடலில் நடந்தது கனவிலும் நினைவிலும் விடாமல் திரும்பி வந்து வாட்டினால் அது மூன்றாவது வகை. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய அந்தக் கோளாறுக்குச் சிகிச்சை வேறு. உணவையும் பழக்கத்தையும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால், எந்தப் பயத்துக்குச் சொல்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும்.

தாக்கு வளரும் விதம் தெரிந்தால்தான் உணவுக்கு இதில் என்ன வேலை என்பது விளங்கும். ஏதோ ஒரு காரணத்தால் இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. மாடி ஏறியதாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம், வெறும் வயிறாக இருக்கலாம். மனம் அதை மாரடைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் பயத்தில் அட்ரினலின் கூடுகிறது, துடிப்பு இன்னும் ஏறுகிறது, பயம் உறுதிப்படுகிறது. கூடவே மூச்சு வேகமாவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் சேர்ந்துகொள்கின்றன. இங்கிலாந்தின் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கிக் காட்டிய சுற்று இது. உணவும் உறக்கமும் உழைப்பும் அந்த முதல் துடிப்பைக் குறைக்கலாம். மனம் அதற்குக் கொடுக்கும் அர்த்தத்தை அவற்றால் மாற்ற முடியாது.

முதல் துடிப்பைக் கிளப்பும் பொருள்களில் நன்றாகச் சோதிக்கப்பட்டது காஃபின். பீதிக் கோளாறு உள்ளவர்களுக்கு 400 முதல் 750 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த சோதனைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தாக்கு வந்தது. காஃபின் இல்லாத பானம் குடித்தபோது அவர்களுக்கு வரவில்லை. நோய் இல்லாதவர்களில் மிகச் சிலருக்கே வந்தது. ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 50 மில்லிகிராம், காபியில் அதைவிடக் கூடுதல் என்று கொண்டால், அஞ்சு டீ குடிப்பவர் சோதனையின் குறைந்தபட்ச அளவில் ஏறத்தாழப் பாதியைத்தான் தொடுகிறார். ஆனால் சோதனைக்கு வந்தவர்கள் இரவு முழுக்க மடிவலை இழுத்துவிட்டு வந்தவர்கள் அல்லர். காலையில் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கிக் கிளம்பும் விசைப்படகு மறுநாள்தான் கரை சேரும். இடையில் துண்டு துண்டான தூக்கம். அந்த அசதியை ஓட்ட, கொதிக்கக் கொதிக்க இறங்கும் டஸ்ட் டீ, அதுவும் வெறும் வயிற்றில். காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணி டீ இரவு பத்து மணிக்கும் பாதி உள்ளேதான் இருக்கிறது.

எனவே படபடப்புக்காரர் செய்து பார்க்கக்கூடிய மலிவான சோதனை, டீயையும் காபியையும் சில வாரங்கள் குறைப்பதுதான். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் வந்து அதுவே புதிய பயமாகிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு டீ வீதம் குறைத்து, பிற்பகல் டீயை முதலில் விடுவது நல்லது. கலர் கலராக வரும் எனர்ஜி டிரிங்க் இளைஞர்களின் படகுப் பையில் ஏறிவிட்டது. 250 மில்லி டின் ஒன்றில் 75 மில்லிகிராம் அளவுக்குக் காஃபின் இருக்கும். அதை டீக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

பீடியும் சிகரெட்டும் நரம்பைத் தணிப்பதாகத் தோன்றுவது, முந்தைய பீடியின் நிக்கோட்டின் இறங்கும்போது வரும் தவிப்பை அடுத்த பீடி அடக்குவதால்தான். தொடர்ந்து புகைப்பவர்களுக்குப் பீதித் தாக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. இதில் பலருக்கும் தெரியாத ஒரு கண்ணி உண்டு. புகை, ஈரல் காஃபினைக் கரைக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. பீடியை விட்டவர் பழைய கணக்கிலேயே டீ குடித்தால் ரத்தத்தில் காஃபின் ஏறத்தாழ இரட்டிப்பாகும். “பீடிய விட்டதுலேர்ந்துதான் படபடப்பு அதிகமாச்சு” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. டீயையும் பாதியாக்கச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மதுவின் கதையும் இப்படித்தான். இரவில் அமுக்கிவைத்த நரம்பு மறுநாள் காலை இரட்டிப்பாகத் துள்ளும். நடுக்கமும் வேர்வையும் படபடப்புமாக விடியும். மீன்பாடு நன்றாக இருந்து குடித்த மறுநாளே நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரக்கூடும், மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்துவதே பாதுகாப்பு.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, விலை உயர்ந்த சத்துமாவுக்கும் மாத்திரைக்கும் இங்கே பெரிய வேலை இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுவதுதான் முக்கியம். நெடுநேரப் பட்டினியில் சர்க்கரை இறங்கினால் உடல் அட்ரினலினைச் சுரந்து ஈடுகட்டுகிறது. நடுக்கம், வேர்வை, படபடப்பு என்று அதன் அடையாளங்கள் அப்படியே பீதியின் சாயலில் இருக்கும். கிளம்பும் முன் பழைய சோறோ கேப்பைக் கூழோ உள்ளே போனால் டீயின் குத்தல் குறையும். வெயிலில் நீர் வற்றினாலும் துடிப்பு ஏறும், தலை கிறுகிறுக்கும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் அவ்வப்போது குடிப்பதும், நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடிப்பதும் போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில் கை வைக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 பதற்றத்தைக் கொஞ்சம் தணிக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. பீதித் தாக்குக்கு என்று தனிச் சான்று இல்லை. இறாலும் நண்டும் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போய்விட, வீட்டுக்கு வரும் சூடையிலும் சாளையிலும்தான் அந்தக் கொழுப்பு நிறைய இருக்கிறது என்பது கரைக்காரர்களுக்கு ஒரு லாபம். அமுக்கராச் சூரணத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பொதுவான பதற்றத்துக்குச் சிறிய ஆய்வுகள் ஆதரவாக இருந்தாலும், தைராய்டு கோளாறு, ஈரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடக் கூடாது.

பெண்களுக்குப் பீதிக் கோளாறு ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. படகு திரும்பும் நேரம் தாண்டியும் தகவல் வராத வீட்டில் அலைபேசியைப் பார்த்தபடியே இரவு கழிவது இந்தக் கரையில் புதிதல்ல. என்றாலும் எல்லாவற்றையும் கவலையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உண்டு. ரத்தசோகையிலும் தைராய்டு மிகைச் சுரப்பிலும் மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, இசிஜி ஆகியவற்றைப் பார்க்காமல் பீதி என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம்.

உறக்கத்தில் கைவைப்பது கடல்தொழிலில் எளிதல்ல. பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகள் மற்ற நாள் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. கரையில் இருக்கும் இரவுகளிலாவது ஒரே நேரத்தில் படுத்து எழுவதும், கடலிலிருந்து வந்த பகலில் இருட்டான அறையில் சில மணி நேரம் தூங்கி, மீதியை இரவுக்கு விடுவதும் நடக்கக்கூடியவை. தூக்கத்திலிருந்தே திடுக்கிட்டு எழுப்பும் தாக்கும் உண்டு. கெட்ட கனவு இல்லாமலே வரும் என்பதால் அதைப் பேய் அமுக்கியதாகக் கொள்வார்கள்.

உடற்பயிற்சிக்குச் சான்று ஓரளவு வலுவாக உள்ளது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் புரூக்ஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 46 நோயாளிகள் பத்து வாரம் பார்க்கப்பட்டார்கள். ஓட்டம் பழகியவர்கள் வெற்று மாத்திரைக்காரர்களைவிட நன்றாகத் தேறினார்கள். குளோமிப்ரமின் மருந்து எடுத்தவர்கள் அதைவிட விரைவாகவும் கூடுதலாகவும் தேறினார்கள். வலை இழுப்பதே போதாதா என்று கேட்கலாம். பீதி வந்தவர் செய்யும் முதல் காரியமே, இதயம் வேகமாக அடிக்கும் எதையும் தவிர்ப்பதுதான். வேண்டுமென்றே வேகமாக நடந்து, துடிப்பை ஏறவிட்டு, அது தானே இறங்குவதைப் பார்ப்பதில்தான் பலன் இருக்கிறது. வேர்க்க வேர்க்க இதயம் அடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்று உடல் கற்றுக்கொள்கிறது.

தாக்கு வந்த நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி தப்பு. “நல்லா இழுத்து மூச்சு விடு” என்பது கரியமில வாயுவை இன்னும் குறைத்து மரப்பைக் கூட்டும். “கேஸா இருக்கும், ஒரு சோடா குடி” என்பதால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. சினிமாவில் காட்டும் காகிதப் பையில் மூச்சுவிடும் வழக்கத்தை மருத்துவர்கள் இப்போது பரிந்துரைப்பதில்லை. உண்மையில் இதய நோயாக இருந்தால் அது ஆபத்து. செய்ய வேண்டியது, மூக்கால் அளவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுவது. நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. நெஞ்சு அசையாமல் வயிறு மட்டும் ஏறி இறங்க வேண்டும். தாக்கு இல்லாத நாளிலேயே பழகினால்தான் தாக்கின்போது கைகொடுக்கும். கூட்டம் விலகி, ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, இது வடிந்துவிடும் என்று நிதானமாகச் சொன்னால் போதும்.

ஒன்றில் மட்டும் சமாதானம் கூடாது. வலி இடது கை, தாடை, முதுகு என்று பரவினால், வேலை செய்யும்போது வந்து ஓய்வில் குறைந்தால், ஆள் நாற்பதைத் தாண்டியவரோ சர்க்கரை நோயாளியோ என்றால், இப்படி வருவது இதுவே முதல் முறை என்றால், மாரடைப்பு என்று எண்ணியே நடக்க வேண்டும். கரையில் 108, கடலில் கடலோரக் காவல்படையின் 1554.

பழக்கங்களை மாற்றியும் தாக்கு தொடர்ந்தால், அல்லது பேருந்து, சந்தை, கடல் என்று ஒவ்வொன்றாக ஆள் தவிர்க்கத் தொடங்கினால், சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அறிதல்-நடத்தைச் சிகிச்சை என்னும் பேச்சுச் சிகிச்சையும், எஸிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் நன்கு சோதிக்கப்பட்டவை. மருந்து பிடிக்கச் சில வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடுவதும் உண்டு, அதற்குப் பயந்து பலர் பாதியில் விடுகிறார்கள். அல்ப்ராசோலம் உடனே அடக்கும்; ஆனால் தொடர்ந்து எடுத்தால் அடிமையாக்கும். சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை அல்ல அது.

2015-16 தேசிய மனநல ஆய்வு, மனநலக் கோளாறு உள்ளவர்களில் நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. மந்திரிப்பதும் ஓதுவதும் தாயத்தும் முதல் படியாக இருப்பது ஒரு காரணம். 2001 ஆகஸ்ட் 6இல் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில், குணம் வேண்டித் தர்காவுக்கு வருவோர் தங்கும் ஏர்வாடியில், சங்கிலியிட்டுக் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய பிறகு அரசின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. இன்று ஏர்வாடி தர்காவில் துஆ என்னும் பிரார்த்தனையோடு மருந்தும் தரும் திட்டம் நடக்கிறது. நம்பிக்கையை விடச் சொல்லாமல் மருந்தையும் சேர்த்துக்கொள்ளச் செய்யும் அந்த வழி, கடற்கரை ஊர்களுக்கு ஒத்துவரும்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து அறந்தாங்கி வழியாகப் போனால் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதற்கு முன் பேசிப் பார்க்க விரும்புவோர், 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே அழைக்கலாம். மருந்து தொடங்க வசதியான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்: ஆள் கரையில் இருப்பார், முதல் சில வாரத் தொந்தரவை வீட்டில் இருந்தே கடக்கலாம், மறுபரிசோதனைக்கும் போய்வரலாம். குணம் தெரிந்த பின்னும் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மருந்து தொடரும். கடலுக்குப் போகும் நாளில் மாத்திரை தண்ணீர் படாத டப்பாவில் படகில் ஏற வேண்டும். நிறுத்தும்போதும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான்.