ஏசிக்குத் தனி லைன்

1970-களில் கட்டிய வீடுகளில் வயர் சுவருக்கு வெளியேதான் ஓடியது. தேக்கு ரீப்பர் கட்டையை அடித்து, கிளிப்பை மடக்கி அதில் வயரைப் பிடித்திருப்பார்கள். திண்ணைச் சுவரில் மீட்டர், பக்கத்தில் மரப்பலகையில் பீங்கான் பியூஸ் கட்டை. நாலு 40 வாட் பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ. எல்லாவற்றையும் போட்டாலும் 300 வாட் தாண்டாது. ஒன்றரை ஆம்பியர்கூட இழுக்காத வீட்டுக்கு ஒரே லைன் தாராளம். இஸ்திரிப் பெட்டிக்கென்று 15 ஆம்ஸ் பிளக் ஒன்று இருந்தால் அது வசதியான வீடு.

பியூஸ் போனால் கட்டையைப் பிடுங்கி, கரியைச் சுரண்டி, புதுக் கம்பி கட்டுவார்கள். அளவான கம்பி இல்லையென்றால் பழைய வயரை உரித்து, நாலைந்து செப்பு இழையைத் திரித்துச் சுற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு பியூஸ் போகாது. சுவரில் இருக்கும் வயர்தான் சூடேறும்.

இன்று பியூஸ் கட்டையின் இடத்தில் இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்தால் ஏசிக்கு ஒரு எம்சிபி (பியூஸ் வேலையைச் செய்யும் சுவிட்ச்), கீசருக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. இது ஆடம்பரம் இல்லை. 2000 வாட் கீசர் ஒன்றே 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதே லைனில் இண்டக்‌ஷன் அடுப்பும் சேர்ந்தால் கரண்ட் இரண்டு மடங்கு, வயரில் ஏறும் சூடு நாலு மடங்கு. பழைய வீட்டில் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: வயரின் உறை அப்பளம்போல் நொறுங்கி, செம்பு வெளியே தெரியும். அந்த லைனில்தான் பலர் புது ஏசியை மாட்டுகிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. எம்சிபி அடிக்கடி விழுகிறதென்று 16 ஆம்ஸைக் கழற்றி 32 போடச் சொல்கிறார்கள். இரண்டரை ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர் அப்படியே இருக்கும். அன்று செப்பு இழையைத் திரித்துச் சுற்றினார்களே, அதே வேலைதான் இது. எம்சிபி காப்பது வயரை. ஷாக் அடிக்கும்போது ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. டிபி பாக்ஸில் அதற்கும் இடம் வேண்டும், எர்த்தும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

பழைய வீட்டை மொத்தமாக உடைக்க வேண்டியதில்லை. ஏசிக்கும் கீசருக்கும் மட்டும் டிபியிலிருந்து நாலு ஸ்கொயர் செப்பு வயரைத் தனித்தனிப் பைப்பில் இழுத்தால் போதும். காடி வெட்ட மனமில்லையென்றால் பைப்பைச் சுவருக்கு மேலேயே கிளாம்ப் அடித்துக் கொண்டுபோகலாம்.